ஐந்தாம் வகுப்பு எழுதிய விடுதி விண்ணப்பம்

என் வயதை ஒட்டியவர்களே, நம்மில் பலருக்கு இப்போது எழுதுவதற்குக் கடிதமென்று ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகளிடம் கைபேசியில் முகம் பார்த்தே பேசிவிடுகிறோம். என்றாலும் மின்வாரியத்துக்கோ வங்கிக்கோ மனு எழுத நேர்ந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தால், கை நம்மைக் கேட்காமலே இடப்பக்கத்து மேல்மூலைக்குப் போகிறது. 'அனுப்புநர்' என்று எழுதி அடிக்கோடு இடுகிறது. அதன் கீழே 'பெறுநர்'. பிறகு 'ஐயா', 'பொருள்', கடைசியில் வலப்பக்கத்தில் 'இப்படிக்கு'. உங்களுக்கு இந்த வரிசையை யார் சொல்லித் தந்தார்களோ, நான் அறியேன். எனக்குச் சொல்லித் தந்தவர், ஒரே ஓர் ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்துவிட்டுப் போன டீச்சர். அந்த ஆண்டின் கடைசி மாதங்களைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டியது. ஊரின் ஆண்களில் ஒரு பாதிப்பேர் விடியுமுன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள். மறுபாதிப்பேர் தூத்துக்குடியிலிருந்து பாய்த்தோணிகளில் வெங்காயமும் சுட்ட ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிறவர்கள். அவர்கள் திரும்பும் நாளைக் காற்றுதான் சொல்லும். என் அப்பா வள்ளத்துக்காரர். வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த சிநேகிதியின் அப்பா தோணிக்காரர்.

பள்ளி என்பது நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்று. நடுவில் தட்டிகளை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். நான்காம் வகுப்பின் வாய்ப்பாடு எங்கள் பாடத்துக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற, கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களுக்குப் பூசிய மீனெண்ணெயின் வாடை சன்னல் வழியே வந்து எங்கள் தாள்களில்கூடப் படிந்துவிடும். டீச்சருக்கு அந்த வாடை பழகவே இல்லை. அவர் உள்நாட்டுக்காரர், தேரி என்னும் செம்மணல் மேடுகளுக்கும் பனைகளுக்கும் நடுவிலுள்ள ஊர். மிஷன் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்து, படிப்பித்து வந்த குடும்பம். பேருந்திலிருந்து இறங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். கஞ்சி போட்ட சேலையின் கரை பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் ஈரமாகியிருக்கும்.

தாளில் முறையாக எழுதிக் கேட்டால் உலகம் பதில் சொல்லும் என்று அவர் நம்பினார். சாக்குக்கட்டி வந்த மரப்பெட்டியில் ஒரு வாய் வெட்டி, செங்கற்பொடியைக் குழைத்துப் பூசி, அதைத் தபால்பெட்டியாக்கி மேசைமேல் வைத்தார். வாரம் ஒரு கடிதம் நாங்கள் எழுத வேண்டும். பெறுநர், தலைமையாசிரியர். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். குடிதண்ணீர்ப் பானை ஒழுகுவதாக வகுப்பு முழுவதும் அவருக்கு எழுதினோம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. ஆவன செய்யப்படும்' என்று அவர் உண்மையாகவே பதில் எழுதினார். அடுத்த வாரம் புதுப்பானை வந்தது. அந்தப் பானையை நாங்கள் சுற்றி நின்று பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. எங்கள் வீடுகளில் கேட்டுக் கிடைத்த பொருள் எதுவும் அதற்குமுன் இல்லை.

தடைகளும் இருந்தன. எங்கள் ஊரில் எந்தத் தாளில் எதை எழுதினாலும் உச்சியில் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள், சலவைக்குப் போடும் துணிக்குறிப்பானாலும் சரி. அலுவலகக் கடிதத்தில் அது கூடாது என்றார் டீச்சர்.

வகுப்பிலேயே உயரமான பையன் எழுந்தான். "சிலுவை இல்லாம எழுதினா லெட்டர் போய்ச் சேராது டீச்சர்."

"ஏன்ல சேராது? தபால்காரர் சிலுவையப் பாத்தா கொண்டு போறாரு? ஸ்டாம்பப் பாத்துக் கொண்டு போறாரு."

"ஸ்டாம்பு தபாலாபீசுக்கு டீச்சர். வழியில தண்ணி இருக்குல்லா, அதுக்குச் சிலுவை."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். ஆனால் சிலுவை போட விடவில்லை; அடுத்த கடிதத்திலும் அதை அடித்துத்தான் கொடுத்தார்.

கடிதம் எழுதுவதில் எங்களில் சிறந்தவள் என் சிநேகிதி. அவளுடைய எழுத்து கோடு போடாத தாளிலும் கோட்டின்மேல் நிற்பதுபோல நிற்கும். கட்டைப்பேனாவை மையில் தோய்த்து, சொட்டை விளிம்பில் வழித்துவிட்டு, தலை நிமிராமல் எழுதுவாள். நாங்களெல்லாம் மைக்கறை பட்ட விரலைத் தலையில் துடைப்போம். அவள் விரல் சுத்தமாக இருக்கும்.

அவளுடைய அப்பா போன தோணி கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாலத்தீவுக்குக் கிளம்பியது. அதே வாரத்தில் கிளம்பிய மற்றத் தோணிகள் பொங்கலுக்குள் திரும்பிவிட்டன. ஒரு தோணியில் வந்தவர்கள், ஒரு மாலையில் தெற்கே அதன் பாயைப் பார்த்ததாகவும், பிறகு மழை மறைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அதற்குமேல் சொல்ல யாரிடமும் ஒன்றுமில்லை.

எங்கள் தெருவின் வழக்கத்தை இங்கே நான் விளக்கியாக வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் அவர் இறந்தார் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். 'கடல்ல நிக்காவ' என்பார்கள். அவருடைய மனைவி தானாகவே மாதா கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரிடம் துக்கமணி அடிக்கச் சொல்லிக் கேட்கும்வரை அவர் கடலில் நிற்கிறவர்தான். பூசையில் பயணம் போனவர்களோடு சேர்த்துத்தான் அவருக்காகச் செபிப்பார்கள். மணியைக் கேட்கும்படி மனைவியை யாரும் தூண்டக் கூடாது. கேட்காமலே கிழவியாகிப் போனவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

சிநேகிதியின் அம்மாவை நான் மாமி என்பேன். தோணி வராத பிறகு அவர் உப்பளத்து வேலைக்குப் போனார். காலையில் போகும் பேருந்தில் நின்றபடியே போவார். மாலையில் பாதங்கள் வெடித்து, வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துத் திரும்புவார்.

எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மேலே படிக்கத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி ஒன்றில், தகப்பனை இழந்த பெண்பிள்ளைகளுக்கு உணவும் துணியும் படிப்பும் கொடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று டீச்சர் விசாரித்து வந்தார். மாமியைப் பள்ளிக்கு வரச் சொன்னார். நானும் சிநேகிதியும் பின்னால் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தோம்.

"இவ எழுத்தப் பாருங்கம்மா. தாலுகா கச்சேரி குமாஸ்தாகூட இப்படி எழுத மாட்டாரு. அஞ்சாவதோட நிறுத்தினா பாவம்."

"நிறுத்தணும்னு எனக்கு ஆசையா டீச்சர்? நான் உப்பளத்துக்குப் போனா இவள எங்கன விட? அடுத்த வருசம் கூடவே கூட்டிட்டுப் போகணும்னுதான் இருக்கேன். உப்பு வாரக் கை போதும்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். விடுதியில எடம் இருக்கு. பிள்ள தன் கைப்பட விண்ணப்பம் எழுதணும். தகப்பனார் இறந்துட்டாருன்னு அதுல இருக்கணும். அவ்வளவுதான்."

மாமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவிய கடல்ல நிக்காவ டீச்சர்."

"எத்தன நாளைக்கும்மா நிப்பாங்க?" டீச்சர் அதை மென்மையாகத்தான் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. வேற என்ன வேணும்னாலும் எழுதச் சொல்லுங்க. சம்பாதிச்சுப் போடலன்னு எழுதட்டும். குடிகாரன்னுகூட எழுதட்டும், வந்தாவன்னா நான் சொல்லிச் சமாளிச்சுக்கிடுவேன். அந்த ஒரு சொல்லு மட்டும் எம் புள்ள கையால வேண்டாம்."

 சிநேகிதி கரும்பலகையில் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். மாமி போன பிறகு டீச்சர் வெகுநேரம் மேசைமேலிருந்த பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அவர் செய்ததை நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஒரு பிள்ளையின் கை தனியாக எழுத அஞ்சுகிற வாக்கியத்தை எல்லாக் கைகளும் சேர்ந்து எழுதினால் அச்சம் தெளியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் வளர்ந்த வீட்டில் அப்பாக்கள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் மாலையில் குடையோடு திரும்புகிறவர்கள். எங்கள் அப்பாக்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பது அவருடைய மனத்தில் தோன்றவே இல்லை.

கரும்பலகையில் 'பொருள்: விடுதியில் இடம் வேண்டி விண்ணப்பம்' என்று எழுதினார். 'அம்மையீர்' என்று தொடங்கினார். பிறகு, "எல்லாரும் அவங்கவங்க பேரப் போட்டு எழுதுங்க. அடுத்த வரி: என் தந்தை இறந்துவிட்டார். என் தாய் கூலி வேலை செய்து என்னை வளர்த்து வருகிறார்" என்று சொல்லிக்கொண்டே எழுதி முடித்துத் திரும்பினார். ஒரு பேனாகூட அசையவில்லை.

உயரமான பையன் எழுந்தான். "எங்க அப்பா காலையிலதான் போயிருக்காவ டீச்சர். நான் எழுத மாட்டேன்."

"பயிற்சிதாம்ல இது. நெசமில்ல."

"நெசமில்லன்னா எதுக்கு எழுதணும்?"

"பெறகு ஒரு காலத்துல உதவும்ல. உக்காரு."

"அப்பச் சிலுவையாவது போட்டுக்கிடட்டுமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பிரம்பைத் தொடவில்லை. முறையென்றால் முறை என்று மட்டும் சொன்னார். நாங்கள் எழுதினோம். சிலர் அந்த வரியை எறும்பைப்போலச் சிறிதாக்கி எழுதினார்கள். சிலர் எச்சில் விரலால் தாளின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத சிலுவை போட்டார்கள். நான் 'என் தந்தை' என்பதோடு நிறுத்தி, மனத்துக்குள் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்து, மீதியை எழுதினேன். பக்கத்தில் சிநேகிதியின் பேனா மைக்கூட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. வேறெதற்கும் அது நிற்கவில்லை. அந்த வரியும் மற்ற வரிகளைப்போலவே நேராக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வீடுகளுக்குப் போனோம். உலை கொதிப்பதற்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்கென்று காற்றும் பலத்திருந்தது. பிற்பகல் மணி அடித்தபோது பள்ளிக்கு வந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமல்ல, எங்கள் அம்மாக்களும்தான். மீன் அறுத்த கையோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

"படிக்க அனுப்பினமா, ஒப்பாரி வைக்க அனுப்பினமா?" என்றது ஒரு குரல்.

பெரிய சார் நாற்காலியிலிருந்து எழுந்து, "கொஞ்சம் பொறுங்க தாயீ, ஒக்காந்து பேசுவோம்" என்றார்.

"நீங்க பேசாதிய பெரிய சார். நாற்காலியில இருந்து வேல பாக்குதிய. நாற்காலி முங்காது."

டீச்சர் முன்னால் வந்தார். "வெறும் பயிற்சிதாம்மா. பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் என் அம்மா. சத்தம் போடவில்லை, சத்தம் போடாதபோதுதான் அம்மாவிடம் எங்களுக்குப் பயம்.

"டீச்சர், உங்க அப்பா இருக்காவளா?"

"இருக்காங்க."

"நல்லா இருக்கட்டும். அந்த போர்டுல உங்க பேரப் போட்டு அந்த வரிய எழுதுங்க. வெறும் பயிற்சிதான?"

டீச்சர் சாக்குக்கட்டியை எடுத்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பினார். கை உயர்ந்தது, எழுதவில்லை.  பிறகு சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "கிழிச்சிருங்க பிள்ளைகளா" என்றார். அவருடைய முகத்தில் அவமானத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. தன் அப்பாவுக்காக அவர் அந்தக் கணத்தில் பயந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எங்களை அவர் முழுதாகப் புரிந்துகொண்ட கணமும் அதுவே.

யார் எழுதினார்களோ அவர்களே கிழிக்க வேண்டும், கிழித்ததைக் கடலில் கரைத்துவிட வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். ஓர் ஓலைப்பெட்டியை நடுவில் வைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கிழித்துப் போட்டோம். உயரமான பையன் துகள் துகளாகக் கிழித்தான். அவனுடைய அம்மா ஒரு துகளைப் பொறுக்கி அதையும் இரண்டாகக் கிழித்தாள்.

என் முறை முடிந்து சிநேகிதி எழுந்தபோது வாசலில் மாமி நின்றிருந்தார். யாரோ உப்பளத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். முழங்கால்வரை சேற்றுநீர் காய்ந்து வெண்மையாக இருந்தது. எல்லோரும் அவருக்கு வழிவிட்டார்கள். டீச்சரை அடிக்க உரிமையுள்ளவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தானே.

மாமி டீச்சரைப் பார்க்கவில்லை. மகளிடம் போனார்.

"எழுதிட்டியாளா?"

சிநேகிதி தலையை ஆட்டினாள்.

"முழுசாவா?"

மறுபடியும் ஆட்டினாள்.

பெட்டிமேல் நீட்டியிருந்த மகளின் கையை மாமி பிடித்துக்கொண்டார். "அப்பக் கிழிக்காண்டாம்."

காற்றில் ஓடுகள் கலகலக்கும் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. என் அம்மா, "ஏளா, என்ன சொல்லுதன்னு தெரிஞ்சுதான் சொல்லுதியா?" என்றார்.

"தெரியும் மைனி. உங்க ஆளுவோ பொழுது சாய வந்துருவாவ. நீங்க கிழிச்சது சரி." தாளை மகளிடமிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமலே அதைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் நீட்டினார். "இத அனுப்பிருங்க டீச்சர். இவ கை உப்பு வார வேண்டாம்."

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போனார்.

வள்ளங்கள் கரையை நெருங்கும் வேளையில் துக்கமணி அடித்தது. யாருக்கென்று தெரியாமல் ஆண்கள் வலையை அப்படி அப்படியே போட்டுவிட்டு, "ஆரு? ஆரு?" என்று கேட்டுக்கொண்டே மணலில் ஓடி வந்தார்கள். என் அப்பா ஈரத்தோடு வந்து எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகே யாருக்கென்று கேட்டார்.

சோறு போடும்போது அம்மா சொன்னார்: "புருசனக் குடுத்து மவளுக்கு எடம் வாங்கிட்டா."

"அவ குடுக்கல. கடலு எப்பவோ வாங்கிட்டு," என்றார் அப்பா.

ஆனால் அம்மா சொன்னதுதான் தெருவின் தீர்ப்பாக நின்றது. ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் மாமி வந்தால் பேச்சு நிற்கும். எங்கள் அம்மாக்களைக் கொடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெண் ஒரு தேவைக்காக மணி அடிக்கச் சொல்லிவிடலாம் என்றால், நாளை தங்கள் மனமும் அப்படிச் சொல்லிவிடுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காண எனக்கு அவர்களுடைய வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. டீச்சர் அந்த ஆண்டின் மீதி நாட்களில் காய்ச்சலுக்கு விடுப்பு கேட்கும் கடிதத்தைத் தவிர வேறெதையும் எழுதச் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு அவர் வரவில்லை. மாற்றல் கேட்டு வாங்கினார் என்றார்கள்.

சிநேகிதிக்கு இடம் கிடைத்தது. சூன் மாதத்தில் ஒரு தகரப்பெட்டியோடு பேருந்து ஏறினாள். சில வாரங்களில் மாமிக்கு ஒரு கடிதம் வந்தது. படித்துக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தாம் குழாயடியில் பேசாதவரின் வீட்டுக்கு நான் போவதை அம்மா பார்த்தார், தடுக்கவில்லை.

எங்களுக்கு டீச்சர் சொல்லித் தந்தது அலுவலகக் கடிதம் ஒன்றைத்தான். தாய்க்கு எழுதுவது எப்படி என்ற பாடத்துக்கு நாங்கள் வந்து சேரவே இல்லை. ஆகவே அவள் தனக்குத் தெரிந்த முறையிலேயே எழுதியிருந்தாள். அனுப்புநர் இருந்தது, பெறுநர் இருந்தது. 'அம்மையீர்' என்று தொடங்கியிருந்தது.

"அம்மையீர்னா ஆருளா?" என்றார் மாமி.

"நீங்கதான் மாமி."

"நானா?" உதட்டோரம் லேசாக அசைந்தது. "மேல வாசி."

"பொருள்: நலமாக இருப்பது குறித்து. வணக்கம். இங்கு காலையில் கஞ்சியும் துவையலும் தருகிறார்கள். எனக்குச் சன்னலோரத்தில் படுக்க இடம் அளிக்கப்பட்டுள்ளது. நான் அழுவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்."

மாமி வெகுநேரம் தம் பாதங்களின் வெடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அழுகிறதில்லையாமா?"

"அப்படித்தான் எழுதிருக்கா மாமி."

"பதில் எழுதணும்ளா. அழுகை வந்தா அழட்டும்னு எழுது. அடக்கி வைக்காண்டாம்னு எழுது."

தாளை எடுத்தேன். முகவரிகளை எழுதிவிட்டுக் கேட்டேன்: "பொருள் என்ன போட மாமி?"

"அப்படின்னா?"

"எதப் பத்தி எழுதுதோம்னு மேல ஒரு வரி போடணும்."

மணி அடித்த நாளிலிருந்து மாமி தம் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவர் முன்னால் தெருவும் பேசியதில்லை. உள்ளே பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு, "அவ அப்பாவப் பத்தின்னு போடு" என்றார்.

போட்டேன். காத்திருந்தேன்.

"அவிய நல்லா நீஞ்சுவாவ. அத மொதல்ல எழுது."

எழுதினேன்.

"எழுதிட்டியா? வாசி."

வாசித்தேன். அவர் தலையை அசைத்துக் கேட்டார். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல், "இன்னொரு தடவ வாசி" என்றார்.